அறுவதுக்கு மேல படிக்கணும்னா காலேஜ்ல எடம் இருக்கா? செட்டிநாட்டுல நின்னு யோசிச்சா தெரியிறது

நம்ம பக்கத்துல சாந்தி கல்யாணம், அதாவது அறுவதாங் கல்யாணம், எவ்வளவு விமரிசையா பண்றோம், பங்காளி, தாயபுள்ளைன்னு எல்லாரும் வந்து, கும்பம் வச்சு தண்ணி ஊத்தி, மூணு வேளை விருந்து போட்டு வீடே நெறஞ்சு கெடக்கும். அது முடிஞ்ச மறுநாள்லேர்ந்து அந்த மனுசருக்கு இனிமே என்ன வேலைன்னு யாரும் கேக்குறதில்ல. பிள்ளைக சிங்கப்பூர்லயோ சென்னைலயோ டெக்சாஸ்லயோ இருக்குதுக, அவ்வளவு பெரிய வீட்டுல ஐயாவும் ஆச்சியும் மட்டும், காலைல கோயில், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் சீரியல், ராத்திரி வீடியோ கால். 2011 சென்சஸ்லயே தமிழ்நாட்டுல அறுவது வயசைத் தாண்டினவங்க 10.4 சதவீதம், நாடு மொத்தத்துக்கும் எடுத்தா 8.6 தான், அதுலேர்ந்து இது கூடிக்கிட்டுத்தான் போகுது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ராயவரம்னு தெருத்தெருவா நடந்து பாத்தா சென்சஸே தேவையில்ல, கண்ணுலயே தெரியும்.

இவங்கள்ல நெறைய பேரு வருசத்துல அஞ்சாறு மாசம் அமெரிக்காவுல மக வீட்டுக்கோ மகன் வீட்டுக்கோ போயிட்டு வர்றாங்க. போன எடத்துல பக்கத்து வீட்டு எழுபது வயசு அம்மா கையில பையைத் தூக்கிக்கிட்டு கம்யூனிட்டி காலேஜுக்குப் படிக்கப் போறதைப் பாக்குறாங்க, வாட்டர்கலர் பெயின்டிங்காம், அடுத்த டெர்ம் ஸ்பானிஷாம். திரும்பி வந்ததும் "ஏப்பா, இந்த மாதிரி நம்ம காரைக்குடியில ஒண்ணும் கெடையாதா, இவ்வளவு காலேஜ் இருக்கே" அப்படின்னு கேக்குறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆச்சி கேட்ட கேள்விதான் இது, ரொம்ப நியாயமான கேள்வி, அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா அங்க அது எப்படி வந்துச்சு, இங்க ஏன் வரலைங்குற ரெண்டையும் சொல்லியாகணும்.

அமெரிக்காவுல இந்தக் கம்யூனிட்டி காலேஜுக்கு ஆரம்பம் 1901-ல இல்லினாய்ஸ் மாநிலத்துல ஜோலியட் ஜூனியர் காலேஜ், ஆறே ஆறு மாணவர்களோட தொடங்குனது. ரெண்டு வருசப் படிப்பை வீட்டுக்குப் பக்கத்துலயே குறைஞ்ச செலவுல குடுக்கணும்ங்குறதுதான் யோசனை. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு பட்டாளத்துலேர்ந்து திரும்புனவங்க எல்லாம் படிக்க வந்தப்ப, 1947-ல அதிபர் ட்ரூமன் போட்ட கமிஷன் இந்த மாதிரி காலேஜ் நாடு முழுக்க வேணும், அது அந்தந்த ஊர் சனங்க எல்லாருக்கும் பொதுவான எடமா இருக்கணும், வேலை பாக்குற பெரியவங்களுக்கும் அங்க படிப்பு இருக்கணும்னு சொல்லிருச்சு. இந்தக் கடைசி விசயம்தான் முக்கியம். உள்ளூர்க்காரங்க கட்டுற வரியில ஒரு பங்கு அந்தக் காலேஜுக்குப் போகுது, அப்ப வரி கட்டுற எழுபது வயசுக்காரரும் உள்ள வந்து ஒரு கிளாஸ்ல ஒக்காரலாம், அது அவருக்கு உரிமை, யாரும் போடுற தர்மம் கெடையாது.

நடைமுறைன்னு பாத்தா மூணு விதமா இருக்கு. ஒண்ணு, மத்த பசங்க படிக்கிற அதே கிளாஸ்ல காலியா இருக்குற சீட்டுல பெரியவங்க போய் ஒக்காந்து கேக்குறது, பரீட்சை கெடையாது, மார்க் கெடையாது, இதுக்கு அங்க ஆடிட் பண்றதுன்னு பேரு. விர்ஜீனியா மாநிலத்துல 1974-லயே இதுக்குன்னு சட்டம் போட்டுட்டாங்க, அறுவது வயசு ஆன உள்ளூர்க்காரங்க அரசு காலேஜ்ல ஃபீஸ் இல்லாம இப்படி ஒக்காரலாம், ஆனா ஃபீஸ் கட்டுற மாணவர்கள் எல்லாம் சேந்தப்பறம் மிச்ச எடம் இருந்தாத்தான். ரெண்டாவது, பெரியவங்களுக்குன்னே தனியா நடத்துற நான்-கிரெடிட் கிளாஸ், அதாவது டிகிரிக்குக் கணக்காகாதது, ஆறு வாரமோ எட்டு வாரமோ, வாரத்துக்கு ஒரு நாள், பெரும்பாலும் பகல்லயே முடிஞ்சிரும். கலிஃபோர்னியாவுல சாண்டா மோனிகா காலேஜ் 1975-லேர்ந்து எமெரிட்டஸ்ங்குற பேருல இதை எலவசமா நடத்திக்கிட்டு வருது, அந்த மாநிலத்துல பெரியவங்களுக்கான கிளாஸுக்கு அரசாங்க நிதி வாங்கவே தனியா ஒரு பிரிவு இருக்கு. மூணாவது, ஓஷர் ஃபவுண்டேஷன் பணம் போட்டு காலேஜ், யுனிவர்சிட்டிகளுக்குள்ள நடக்குற வாழ்நாள் கல்வி மையங்க, 2001-ல ஆரம்பிச்சு இப்ப 120-க்கு மேல இருக்கு, மெம்பர்ஷிப் கட்டி சேரணும்.

சொல்லிக் குடுக்குறது அநேகமா ரிட்டயர் ஆன வாத்தியார், வக்கீல், டாக்டர், இல்ல ஒரு விசயத்தை முப்பது வருசமா ஆசையா செஞ்சுக்கிட்டு இருக்குற யாராவது. வரலாறு, ஓவியம், சொந்த வாழ்க்கைக் கதை எழுதுறது, உயில் எழுதுறது, செல்போன், யோகா, சீன உடற்பயிற்சியான தாய்ச்சின்னு எல்லாம் இருக்கும்.

இங்கேர்ந்து போற பெத்தவங்களுக்கு ஒரு விசயம் சொல்லிடணும், ஏன்னா இதுல பலபேரு ஏமாந்து போறாங்க. சும்மா ஆறு மாசம் போய் இருந்துட்டு வர்றவங்களுக்கு இந்த ஃபீஸ் சலுகை பெரும்பாலும் கெடைக்காது, அந்த மாநிலத்துல நெலையா குடியிருக்குறவங்களுக்குத்தான். பி-2 விசிட்டர் விசாவுல போனவங்க டிகிரிக்குக் கணக்காகுற படிப்புல சேரவே கூடாது, பொழுதுபோக்கா ஒரு சின்னக் கிளாஸுன்னா பரவாயில்ல. சந்தேகமா இருந்தா காலேஜ் ஆபீஸ்ல கேட்டுட்டு சேருங்க. அதைவிட அந்த ஊர் பப்ளிக் லைப்ரரிக்குப் போறது ரொம்ப சுலபம், இங்கிலீஷ் பேசிப் பழகுற கூட்டமெல்லாம் அங்க பல எடத்துல எலவசமா நடக்கும்.

ஐரோப்பாவுல நடந்தது வேற கதை, எனக்கு அதுதான் செட்டிநாட்டுக்குப் பொருந்தும்னு தோணுது. 1973-ல பிரான்ஸ்ல துலூஸ் யுனிவர்சிட்டியில பியர் வெல்லாஸ்ங்குற பேராசிரியர் ரிட்டயர் ஆனவங்களுக்காக 'மூன்றாம் வயதின் பல்கலைக்கழகம்'னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. அங்க யுனிவர்சிட்டி வாத்தியாருங்களே வந்து பாடம் எடுத்தாங்க. அது இங்கிலாந்துக்குப் போனப்ப, 1981-82 வாக்குல, கேம்பிரிட்ஜ்ல பீட்டர் லாஸ்லெட் மாதிரி ஆளுங்க அதை அப்படியே தலைகீழா மாத்திட்டாங்க. வாத்தியாரு எதுக்கு வெளியேர்ந்து வரணும், ரிட்டயர் ஆன நம்மள்லயே இஞ்சினியர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க, ஆளுக்கு ஒண்ணு தெரியும், இன்னைக்கு நீ சொல்லிக் குடு, நாளைக்கு நான் சொல்லித் தர்றேன்னு வச்சுக்கிட்டாங்க. சம்பளம் கெடையாது, சர்ட்டிஃபிகேட் கெடையாது, யாரு வீட்டு ஹால்லயாவது, சர்ச் ஹால்லயாவது நடக்கும். செலவே இல்லாம ஊரூரா பரவுனதுக்கு இதுதான் காரணம்.

சரி, நம்ம நாட்டுல என்ன ஆச்சு. கம்யூனிட்டி காலேஜ் இங்கயும் இருக்கு, 1995-ல பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியில முதல்ல வந்துச்சு, 1996-ல சென்னையில கத்தோலிக்க மறைமாவட்டம் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜ் ஆரம்பிச்சாங்க, தமிழ்நாடு தொறந்தவெளிப் பல்கலைக்கழகம் பல காலேஜுகளுக்கு அங்கீகாரம் குடுத்துச்சு, 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டத்துல பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் நிதி ஒதுக்குனாங்க. ஆனா இது மொத்தமும் பள்ளிக்கூடத்தை பாதியில விட்ட பசங்களுக்கும், ஏழைப் பொண்ணுங்களுக்கும் ஒரு கைத்தொழில் கத்துக் குடுத்து வேலைக்கு அனுப்புறதுக்காக வந்தது. அது ரொம்ப அவசியமான வேலை, அதைக் கொறை சொல்ல ஒண்ணுமில்ல. எழுபது வயசு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் அங்க போய் வரலாறு படிக்கணும்னு நின்னா அவருக்கு அங்க கோர்ஸ் இல்ல, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் முதியோர் கல்வின்னு ஒரு பெரிய வரலாறு இருக்கு. 1978 அக்டோபர் 2-ல தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம், 1988-ல எழுத்தறிவு இயக்கம், அப்புறம் நம்ம பக்கத்துலயே நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கம். புதுக்கோட்டை மாவட்டத்துல 1990-களோட தொடக்கத்துல அறிவொளியில எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் ஓட்டவும் கத்துக்கிட்டாங்க, கல்குவாரியில வேலை பாத்தவங்க சொந்தக் கால்ல நின்னாங்க, அதைப் பாத்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. 2020-ல கற்போம் எழுதுவோம், இப்ப புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். எல்லாமே எழுத்து தெரியாதவங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்குறது. யுனிவர்சிட்டிகள்ல இருந்த வயதுவந்தோர் கல்வித் துறைகள் பின்னாடி வாழ்நாள் கற்றல் துறைன்னு பேரு மாறுச்சு, நம்ம அழகப்பா யுனிவர்சிட்டியிலயும் அப்படி ஒரு துறை இருக்கு.

ஆக, வேலைக்குப் போற பசங்களுக்கு ஒரு வழி இருக்கு, எழுத்து தெரியாத பெரியவங்களுக்கு ஒரு வழி இருக்கு. படிச்சு, வேலை பாத்து, ரிட்டயர் ஆகி, உடம்பும் நல்லா இருந்து, இன்னும் ஏதாவது தெரிஞ்சுக்கணும்னு தவிக்கிறவங்களுக்குத்தான் வழி இல்ல. இதோட எட்டாவதுல வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திட்ட ஆச்சிமாரையும் சேத்துக்கணும், அவங்களுக்கு எழுத்து நல்லாத் தெரியும், அறுவது வருசமா மேல படிக்க ஆசையும் இருக்கு. ஆசையை யாரும் திட்டத்துல எழுதி வைக்கலை.

இது என்னமோ வெள்ளக்காரன் பழக்கம், நம்ம ஊருக்கு ஒத்து வராதுன்னு சொல்றவங்களுக்கு ஊர் வரலாறு தெரியலைன்னுதான் சொல்வேன். காரைக்குடியில 1917-லேயே இந்து மதாபிமான சங்கம் வந்துருச்சு, 1919-ல பாரதியாரே அங்க வந்து பாடிட்டுப் போயிருக்காரு. 1939-ல சா. கணேசன் கம்பன் கழகத்தை ஆரம்பிச்சாரு, பங்குனியில கம்பன் விழா, கடைசி நாள் நாட்டரசன்கோட்டையில கம்பர் சமாதியில. அந்தக் கூட்டத்துல ஒக்காந்து மடியில புத்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, மேடையில சொல்ற பாட்டை வெரல் வச்சுத் தேடிப் படிச்சவங்க எல்லாம் கடைக்காரங்க, கணக்குப்புள்ளைங்க, வட்டிக்கடை வச்சிருந்தவங்க. அவங்களுக்கு யாரு பரீட்சை வச்சா? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெரிய டிகிரி எதுவும் வாங்காம, சைன்போர்டு எழுதிப் பொழைச்ச மனுசரு, வாழ்நாள் பூரா புத்தகம், நோட்டீஸ், நாடக விளம்பரம்னு சேத்து ஏறக்குறைய 1 லட்சம் உருப்படி வச்சிருந்தாரு. 1992-ல அவர் காலமான பெறகு சிகாகோ யுனிவர்சிட்டி அதை வாங்கி, 1994-ல சென்னையில ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. உலகத்துல எங்கேர்ந்தெல்லாமோ ஆராய்ச்சிக்காரங்க அதைத் தேடி வர்றாங்க. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து செக்ரிங்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்த ஊருங்க இது, 1948-ல நேரு அடிக்கல் நாட்டுனாரு. படிப்புக்குன்னா அள்ளிக் குடுத்த மண்ணு.

உடம்புக்கு இதனால என்ன பிரயோசனம்னு கேட்டா, அதுக்கும் நல்ல ஆராய்ச்சி இருக்கு. டெக்சாஸ்ல டெனீஸ் பார்க் குழு 2014-ல வெளியிட்டது, 60-லேர்ந்து 90 வயசு வரைக்கும் 221 பேரு, வாரத்துக்கு ஏறக்குறைய 15 மணி நேரம், மூணு மாசம். சில பேருக்கு டிஜிட்டல் போட்டோகிராஃபி, சில பேருக்கு துணி ஒட்டுத் தையல், சில பேருக்கு ரெண்டும், இன்னும் சில பேரு சும்மா கூடிப் பேசி, சினிமா பாத்து, வெளிய போயிட்டு வந்தாங்க. புதுசா கஷ்டமான ஒண்ணைக் கத்துக்கிட்டவங்களுக்கு ஞாபகசக்தி கூடியிருந்துச்சு, கூடிப் பேசுனவங்களுக்கு அந்த அளவு இல்ல. இதுலேர்ந்து மறதி நோயே வராதுன்னு யாரும் சொல்லிறக் கூடாது, ஆராய்ச்சி அப்படிச் சொல்லலை. ஆனா லான்செட் மருத்துவ இதழோட கமிஷன் 2024-ல மறதி நோய்க்குச் சொன்ன 14 காரணங்கள்ல காது கேக்காம போறது, கண் பார்வைக் கொறையை சரி பண்ணாம விடுறது, தனிமை இதெல்லாம் இருக்கு, கிளாஸுக்குன்னு கெளம்புறவங்க கண்ணாடியும் போடுவாங்க, காது மெஷினும் வப்பாங்க, நாலு மனுசரையும் பாப்பாங்க.

காதுன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். கிளாஸுக்கு எடம் வேணும்னதும் எல்லாரும் "எங்க வீட்டுப் பட்டாலை சும்மாதான் கெடக்கு, அங்க வச்சுக்கலாம்"னு மனசார சொல்லுவாங்க, பட்டாலைன்னா வீட்டுப் பெரிய ஹால். பாக்க அழகு, ஆனா ஒரு தடவை அந்த ஹால்ல நடுவுல நின்னு சத்தமா ரெண்டு வரி பேசிப் பாருங்க. உசரமான கூரை, கீழ பளிங்கோ ஆத்தங்குடிக் கல்லோ, சுவரு முட்டை வெள்ளைப் பூச்சுல வழவழன்னு இருக்கும், சத்தம் பட்டுப் பட்டுத் திரும்பும், காது மெஷின் வச்சவங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் பிரிஞ்சு கேக்காது, எல்லாம் சேந்து இரைச்சலா விழும். அதைவிட மேல தொறந்த வளவு, அதாவது உள்முற்றம், அதைச் சுத்தி இருக்குற தாழ்வாரம் எவ்வளவோ மேல், சத்தம் மேல போயிரும். பட்டாலைதான் வேணும்னா தரையில ஜமுக்காளம் விரிச்சு, சன்னலுக்கு கனமான தெரை போட்டு, வாத்தியாரு எல்லாருக்கும் மொகம் தெரியிற மாதிரி பக்கத்துல ஒக்காந்து பேசணும், போர்டைப் பாத்துக்கிட்டுப் பேசக் கூடாது, பாதி பேரு ஒதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிறாங்க. நம்ம நெலைப்படி எல்லாம் உசரம், முகப்புலேர்ந்து உள்ள போக படி ஏறணும், கைப்பிடி கெடையாது, ஆத்தங்குடிக் கல்லுல தண்ணி சிந்துனா வழுக்கும். பாத்ரூம் பின்கட்டுல தள்ளி இருக்கும். இதெல்லாம் பாக்கலைன்னா ரெண்டாவது வாரமே ஆள் கொறையும், அப்புறம் "பெரியவங்களுக்கு ஆர்வம் இல்ல"ன்னு பேசுவோம். நேரம் காலைல பத்தரையிலேர்ந்து பன்னெண்டு, இல்லைன்னா சாயங்காலம் காப்பி குடிச்சிட்டு நாலு மணிக்கு. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிறணும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது, நடுவுல ஒரு எந்திரிப்பு இருக்கணும்.

என்ன சொல்லிக் குடுக்கலாம்னா, நம்ம ஊருக்குன்னு இருக்குறதையே எடுத்துக்கலாம். உயில். ஒரு வீட்டுல முப்பது நாப்பது பங்காளி பங்கு இருக்குற ஊர்ல இதைவிட அவசரமான பாடம் எனக்குத் தெரியலை. உயிலுக்கு ரெண்டு சாட்சி கட்டாயம், பதிவு பண்றது கட்டாயம் இல்ல ஆனா பண்ணுனா நல்லது, பூர்வீக வீட்டுல நம்ம பங்கைத்தான் எழுத முடியும், பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு தமிழ்நாடு 1989-லயே திருத்தம் கொண்டுவந்துருச்சு, நாடு முழுக்க 2005-ல வந்துச்சு. ஒரு ரிட்டயர்டு வக்கீல் நாலு வாரம் ஒக்காந்து சொன்னா எத்தனை குடும்பம் கோர்ட்டுக்குப் போகாம தப்பிக்கும். அப்புறம் போன், போலீஸ்னு சொல்லிக்கிட்டு வீடியோ கால்ல மெரட்டுறவனை எப்படிக் கண்டுபுடிக்கிறது, பணம் போயிருச்சுன்னா ஒடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடணும், நவம்பர்ல பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று வீட்டுல இருந்தே எப்படி எடுக்குறது. பேரன் வேகமா செஞ்சு குடுத்துட்டுப் போயிருவான், கத்துக் குடுக்க மாட்டான், பொறுமையா அவங்க வெரலாலயே அமுக்க விட்டு பத்து தடவை செய்ய வைக்கணும்.

இன்னொண்ணு, பெட்டகத்துல கெடக்குற பழைய கணக்கு நோட்டு. பர்மா, மலேயாக் கடையிலேர்ந்து வந்த கடுதாசி, பேரேடு, அதுல தமிழ் எண்ணுல எழுதுன தொகை, கால், அரைக்கால், மாகாணி, முந்திரி வரைக்கும். மாகாணின்னா பதினாறுல ஒண்ணு, முந்திரின்னா 320-ல ஒண்ணு. அந்த எழுத்தைத் தடுமாறாமப் படிக்கிறவங்க இப்ப எம்பது தொண்ணூறு வயசுல இருக்காங்க. அவங்க வாத்தியாரா ஒக்காரணும், அறுவது வயசுக்காரங்க மாணவரா ஒக்காரணும், யுனிவர்சிட்டி வரலாற்றுத் துறைப் பிள்ளைக பக்கத்துல ஒக்காந்து எழுதி எடுத்துக்கணும். கொட்டான்னு சொல்ற ஓலைக் கூடை பின்னுறதும் இப்படித்தான், பனையோலையை எந்தப் பதத்துல நனைக்கிறது, எப்ப சாயம் ஏத்துறதுங்குறது ஆச்சிமார் கையில இருக்கு.

பொம்பளைங்க வரணும்னா இன்னும் ரெண்டு விசயம் பாக்கணும். வீட்டுல ஐயாவுக்கு மத்தியான சாப்பாடு யாரு போடுவாங்கங்குற கேள்வி வந்து நிக்கும், அதுனால ரெண்டு பேரையும் சேத்து வரச் சொல்றது நல்லது. தனியா இருக்குற ஆச்சிமாருக்கு ஆட்டோ ஏற்பாடு பண்ணி மூணு நாலு பேரா சேந்து வர வைக்கணும். அப்புறம் இது செட்டியார் வீட்டுக் கிளாஸுன்னு ஆயிறக் கூடாது, ஆத்தங்குடியில கல்லு ஊத்துனவரு, கண்டாங்கிச் சேலை நெஞ்சவங்க, சமையக்காரரு, பஸ் கண்டக்டரா இருந்தவரு எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம் இருக்கு, அவங்களும் சொல்லிக் குடுக்கணும், அவங்களும் ஒக்காந்து கேக்கணும். யாரோ ஒருத்தர் வீட்டுல வச்சா சில பேரு உள்ள வரவே யோசிப்பாங்க, அதுனாலயே காலேஜ் கட்டடம் நல்லதுன்னு நெனைக்கிறேன்.

காலேஜுககிட்ட கேக்க வேண்டியது கொஞ்சந்தான். சனிக்கிழமை காலைல தரைத்தளத்துல ஒரு ரூம், கை வச்ச நாற்காலி பதினஞ்சு, ஒரு மைக், லைப்ரரியில ஒக்காந்து படிக்க ஒரு அட்டை. நிதி வேணாம், புது சட்டம் வேணாம். வாழ்நாள் கற்றல் துறையோ என்எஸ்எஸ்ஸோ பேரு எழுதி வாங்கிக்கலாம், பிள்ளைக ரெண்டு பேரு வாசல்ல நின்னு கையப் புடிச்சு ஏத்தி விடலாம். முதல் டெர்ம்ல ஒரே பாடம் போதும், நான் கேட்டா உயில்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுவேன், ஏன்னா அதுக்கு சீட்டு நெறையும், அந்த நெறைஞ்ச கூட்டத்துலேர்ந்தே அடுத்த டெர்முக்கு யாருக்கு என்ன சொல்லிக் குடுக்கத் தெரியும்னு கேட்டு எழுதிக்கலாம். ஆடி மாசத்துல ஊர்ல விசேஷம் கொறச்சல், எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க, தொடங்க அது தோதான நேரம்.